சிறிய தொண்டு நிறுவனத்துக்கு நிதி உதவி வாங்குவது எப்படி: ஊரிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

அரியலூர் பக்கம் ஒரு அக்கா, மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகப் பகல்நேர மையம் ஒன்றை 11 வருடங்களாக நடத்தி வந்தார். நான் போனபோது பழைய பீரோவைத் திறந்து லாங் சைஸ் நோட்டுகளை எடுத்து அடுக்கினார். ஒவ்வொரு நாளும் எந்தக் குழந்தை வந்தது, யாருக்குக் காய்ச்சல், யார் இன்று தானாகச் சாப்பிட்டது என்று 11 வருடக் கதையும் அதில் இருந்தது. அப்புறம் மற்ற தாள்களைக் கேட்டேன். வாடகை ரசீது கணவர் பெயரில். நன்கொடை வந்து விழுந்தது அக்காவின் சொந்த சேமிப்புக் கணக்கில். டிரஸ்ட் டீடு, அதாவது அறக்கட்டளைப் பத்திரம், பதிவாகி இருந்தது, ஆனால் டிரஸ்ட் பெயரில் பான் கார்டு இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு தொழிற்சாலை அந்த ஆண்டு இதே வேலைக்காகப் பணம் ஒதுக்கி வைத்திருந்தது. மூன்று சான்றிதழ் கேட்டார்கள், ஒன்றுகூட அவரிடம் இல்லை. பணம் வேறு ஊர் நிறுவனத்துக்குப் போனது.

இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். வேலையில் குறை இல்லை, தாளில்தான் குறை. அதனால் இந்த வழிகாட்டியில் நிதி தருபவர்களின் பட்டியலை முதலில் வைக்கவில்லை. பட்டியல் எங்கும் கிடைக்கும். அதைப் பயன்படுத்தும் நிலைக்கு நாம் வருவதுதான் முதல் வேலை. தமிழ்நாட்டில் ஒரு ஊரிலோ ஒரு ஒன்றியத்திலோ வேலை செய்யும், ஆண்டுக்குச் சில லட்சங்களில் ஓடும் அமைப்புகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: எல்லாம் அமைப்பின் பெயரில்

தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு வடிவங்கள். ஒன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும் பொது அறக்கட்டளை, அதாவது டிரஸ்ட். இன்னொன்று, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவாகும் சங்கம், அதாவது சொசைட்டி. இதற்குக் குறைந்தது 7 பேர் வேண்டும், ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் அனுப்ப வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவு செய்யும் லாப நோக்கற்ற நிறுவனம் மூன்றாவது வகை. அதைப் பராமரிக்கும் செலவு சிறிய அமைப்புக்குச் சுமை என்பது என் கருத்து. ஏற்கெனவே டிரஸ்ட் வைத்திருப்பவர் மாற்ற வேண்டியதில்லை.

டீடு எழுதும்போதே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நீங்கள் உண்மையில் செய்யும் வேலை நோக்கங்கள் பகுதியில் இருக்க வேண்டும். டிரஸ்ட் கலைந்தால் சொத்து இதே போன்ற இன்னொரு பொது அறக்கட்டளைக்குத்தான் போகும், குடும்பத்துக்குத் திரும்பாது என்ற வரி வேண்டும். பயன்பெறுவோர் ஒரே சாதி, ஒரே மதம் என்று எழுதியிருந்தால் 80ஜி கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் என்று எழுதுவதில் அந்தச் சிக்கல் இல்லை. பழைய டீடில் இவை இல்லாவிட்டால் வக்கீலிடம் காட்டித் திருத்தப் பத்திரம் போட முடியுமா என்று கேளுங்கள்.

டீடு கைக்கு வந்ததும் டிரஸ்ட் பெயரில் பான், அதை வைத்து வங்கிக் கணக்கு. கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். கணவனும் மனைவியும் மட்டுமே கையெழுத்துப் போடும் கணக்கைப் பார்த்து முகம் சுளிக்கும் நிதியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவதாக வெளியாள் ஒருவரைச் சேர்ப்பது நல்லது.

அடுத்து வருமான வரித் துறையின் இரண்டு பதிவுகள். 12ஏ என்பது அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது. 80ஜி என்பது நமக்கு நன்கொடை தருபவருக்கு, தந்த தொகையில் பொதுவாகப் பாதி அளவுக்கு, வரிச்சலுகை தருவது. புதிய அமைப்புக்கு முதலில் 3 ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும், பிறகு முறையான பதிவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். தற்காலிகப் பதிவு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள், காலாவதி ஆனது நிதி கேட்கும்போதுதான் தெரிகிறது. காலாவதி தேதிக்கு எட்டு மாதம் முன்னால் ஒரு நாளை காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்று நிர்ணயிக்கப்பட்டிருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும். ஆனால் பேச்சில் 12ஏ, 80ஜி என்ற பெயர்கள் சீக்கிரம் போய்விடாது. எந்தப் படிவம் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு நிதி ஆயோக் தொண்டு நிறுவனங்களுக்காக நடத்தும் தர்பண் தளத்தில் பதிவு. கட்டணம் கிடையாது. நிர்வாகிகளின் பான், ஆதார் விவரங்கள் இருந்தால் நீங்களே செய்யலாம். மத்திய அமைச்சகங்களின் நிதிக்கு இந்தப் பதிவு எண் வேண்டும். இதைச் செய்து தர ஆயிரக்கணக்கில் கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது: ஆண்டுதோறும் ஆடிட். வருமானம் 80 ஆயிரம்தான், இதற்கு ஆடிட்டா என்று விட்டுவிடாதீர்கள். மூன்று வருட ஆடிட் அறிக்கை என்பது நிதியாளர் பார்வையில் மூன்று வருட உழைப்புக்கான சாட்சி. ஆடிட் செய்யாத வருடம், வேலையே செய்யாத வருடம் போலத்தான் அவர்கள் கணக்கில் சேரும்.

இரண்டாம் படி: பணம் எங்கே இருக்கிறது

தேடலை வீட்டு வாசலிலிருந்து தொடங்குங்கள். டெல்லி, மும்பை, லண்டன் எல்லாம் பிறகு.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை எல்லோரும் சிஎஸ்ஆர் என்கிறோம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக வேலைக்குச் செலவிட வேண்டும். அதே பிரிவில் நமக்குச் சாதகமான ஒரு வரி இருக்கிறது: கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள இடங்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும். உள்ளூர் அமைப்புக்குக் கையில் இருக்கும் பெரிய பலம் இதுதான். விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே, "உங்கள் ஆலையிலிருந்து 6 கிலோமீட்டரில் இருக்கிறோம்" என்று எழுதுங்கள்.

உங்கள் மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். அரியலூரில் சிமெண்ட் ஆலைகள். நெய்வேலியில் என்எல்சி. கரூர் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் காகித ஆலை, கரூரிலேயே கரூர் வைஸ்யா வங்கி. கும்பகோணத்தில் சிட்டி யூனியன் வங்கி, தூத்துக்குடியில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. ஓசூரில் டைட்டன், மணலியில் சென்னை பெட்ரோலியம். இந்தியன் வங்கி, ஐஓபி போன்ற பொதுத்துறை வங்கிகள் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவதில்லை, அவற்றுக்கு இந்த 2 சதவீதக் கட்டாயம் கிடையாது. அங்கே போய் சட்டத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள்.

பெயர் தெரிந்ததும் அந்தக் கம்பெனியின் இணையதளத்தைத் திறங்கள். போர்டு ஒப்புதல் தந்த சிஎஸ்ஆர் திட்டங்களை அங்கே வெளியிட வேண்டும் என்பது விதி. எந்த மாவட்டம், என்ன வேலை என்று பாருங்கள். மூன்று வருடமாகக் குளம் தூர்வாரவும் பள்ளிக் கட்டடத்துக்கும் மட்டுமே பணம் தந்தவர்களிடம் முதியோர் பராமரிப்புக்குக் கேட்டால் வாய்ப்பு குறைவு. மத்திய அரசின் தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் மாநில வாரியாக, துறை வாரியாகவும் பார்க்கலாம்.

சிஎஸ்ஆர் பணம் வாங்க 12ஏ, 80ஜி இரண்டும் வேண்டும், அதே மாதிரி வேலையில் 3 ஆண்டு அனுபவம் வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். இந்த எண் 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

நேரமும் முக்கியம். கம்பெனிகளுக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, ஆண்டுத் திட்டம் அதன் முதல் சில மாதங்களில் முடிவாகும். அதனால் உங்கள் இரண்டு பக்கக் குறிப்பு (எப்படி எழுதுவது என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்) மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் அவர்கள் மேசையில் இருப்பது நல்லது. இன்னொரு வாசல் ஜனவரிக்குப் பிறகு திறக்கும். செலவாகாத பணத்தை, தொடர் திட்டத்துக்குரியது அல்லாவிட்டால், சட்டம் சொல்லும் அரசு நிதிகளுக்கு மாற்றிவிட வேண்டும் என்பதால் சில கம்பெனிகள் அப்போது சிறிய, உடனே முடிக்கக்கூடிய வேலைகளைத் தேடும். சக்கர நாற்காலி, பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், நூலகப் புத்தகம் போன்றவற்றுக்கு விலைப்பட்டியலோடு ஒரு கடிதம் தயாராக வைத்திருங்கள்.

இனி அரசு. மத்திய சமூக நீதி அமைச்சகம் முதியோர் இல்லங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளிகள், போதை மறுவாழ்வு மையங்கள் நடத்தும் அமைப்புகளுக்கு மானியம் தருகிறது. விண்ணப்பம் இ-அனுதான் தளம் வழியாக. மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை சிறப்புப் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் தருகிறது, அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். விவசாயம், சுயஉதவிக் குழு சார்ந்த வேலை என்றால் நபார்டு வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளர்தான் உங்கள் ஆள். குழுப் பெண்களுக்குக் குறுகிய காலத் தொழிற்பயிற்சி நடத்த எம்இடிபி, பயிற்சியோடு தொழிலையும் அமைத்துக் கொடுக்க எல்இடிபி என்று அவர்களிடம் திட்டங்கள் உண்டு. 1992-இல் சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியதும் நபார்டுதான், அதனால் களத்தில் வேலை செய்பவர்களோடு பேசிப் பழகியவர்கள். அரசுப் பணத்தில் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தாமதமாக வரும். ஆறு மாதச் சம்பளத்தைத் தாங்கும் சக்தி இல்லாவிட்டால் அரசு மானியத்தை மட்டும் நம்பி ஒரு மையத்தைத் திறக்காதீர்கள். குழந்தைகளைச் சேர்த்துவிட்டு நடுவில் மூடுவது பெரிய பாவம்.

கட்டடம், குளம், சுற்றுச்சுவர், பொது நூலகம் மாதிரி ஊருக்குச் சொத்தாக நிற்கும் வேலை என்றால் அரசின் நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். ஊராட்சிப் பகுதிகளில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பு கட்டினால் மீதியை அரசு தரும் என்பது பொதுவான அமைப்பு. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். இந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வராது, ஆனால் ஊருக்கு வேலை நடக்கும். உங்கள் பெயரும் அதிகாரிகளுக்குத் தெரியவரும்.

தனியார் அறக்கட்டளைகளில் அசிம் பிரேம்ஜி பவுண்டேஷன், டாடா டிரஸ்ட்ஸ் போன்றவை நாடு முழுவதும் களப்பணி அமைப்புகளுக்கு நிதி தருகின்றன. இவர்கள் ஒரு நாள் நிகழ்ச்சிக்கோ பொருள் விநியோகத்துக்கோ தருவதைவிட, பல ஆண்டு தொடரும் வேலைக்குத் தருவதையே விரும்புவார்கள். சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பங்குச்சந்தை வழியாகத் தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டும் ஏற்பாடு அது. 2023 டிசம்பரில் முதல் தொண்டு நிறுவனம் அதன் வழியாக நிதி திரட்டியது. ஆண்டுச் செலவு குறைந்தது 50 லட்சம் இருக்க வேண்டும் என்பதால் நம் அளவுக்கு அது இப்போது வேண்டாம்.

வெளிநாட்டு நிதியில் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுக்கு 3 ஆண்டு இயக்கமும், அந்த 3 நிதியாண்டுகளில் சமூக வேலைக்கு 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, எஃப்சிஆர்ஏ வைத்திருக்கும் பெரிய நிறுவனம் அந்தப் பணத்தை உங்களுக்குப் பிரித்துத் தரவும் முடியாது. யாராவது "எங்கள் எஃப்சிஆர்ஏ வழியாக வாங்கித் தருகிறோம்" என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

ஆனால் நம் ஊர்களில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. சிங்கப்பூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கும் நம் ஊர்க்காரர் இன்னும் இந்தியக் குடியுரிமையில் இருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நிதி ஆகாது. எஃப்சிஆர்ஏ இல்லாமலே வாங்கலாம். அவர் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டு வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். அதனால் பணம் வாங்கும் முன் பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கி பைலில் வையுங்கள். கூச்சப்பட வேண்டாம், காரணத்தைச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதே போல ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் இந்திய நிறுவனங்கள் தரும் சிஎஸ்ஆர் பணமும், அந்நிய முதலீடு சட்டத்தின் வரம்புக்குள் இருக்கும்வரை, வெளிநாட்டு நிதி அல்ல. கம்பெனியிடம் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு பக்கக் குறிப்பு

முதல் கடிதத்திலேயே 30 பக்கம் அனுப்பாதீர்கள், படிக்க மாட்டார்கள். இரண்டு பக்கம் போதும். கன்செப்ட் நோட் என்பார்கள்.

பலர் இப்படித் தொடங்குகிறார்கள்: "இந்தியா பல்வேறு கலாசாரங்களைக் கொண்ட நாடு. கல்வி ஒவ்வொரு குழந்தையின் உரிமை." இதை வெட்டிவிடுங்கள். "எங்கள் ஊராட்சியில் 3 தெருக்களில் 5-ஆம் வகுப்புக்கு மேல் படிக்கும் குழந்தைகள் 52 பேர். பெற்றோர் பெரும்பாலும் செங்கல் சூளை வேலை, வீடு திரும்ப இரவு 7 மணி ஆகும். ஜூனில் நாங்கள் ஒவ்வொரு குழந்தையையும் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னோம், 31 பேரால் முடியவில்லை." இப்படித் தொடங்குங்கள். எண்கள் உங்கள் ஊரில் நீங்களே எடுத்ததாக இருக்கட்டும். இணையத்தில் எடுத்த தேசியப் புள்ளிவிவரத்தை எல்லோரும் எழுதுவார்கள். உங்கள் மூன்று தெருவின் கணக்கு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

அப்புறம் என்ன செய்யப் போகிறீர்கள், யார் செய்வார்கள், எத்தனை நாள், முடிவில் என்ன மாறும், அதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள், எவ்வளவு ஆகும். ஆங்கிலத்தில் கேட்டால் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், உதவிக்குப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவரைக் கேட்டால் செய்து தருவார். ஆனால் முதலில் தமிழில் எழுதுங்கள். நேரடியாக ஆங்கிலத்தில் தொடங்கியவர்களின் குறிப்புகளில் அவர்கள் செய்யும் வேலை காணாமல் போவதையும், எங்கோ படித்த பெரிய வார்த்தைகள் மட்டும் மிஞ்சுவதையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நான்காம் படி: பட்ஜெட்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். குறிப்பை நன்றாக எழுதியவர்கள்கூட பட்ஜெட்டில் விழுந்துவிடுகிறார்கள். 40 குழந்தைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையம், ஜூன் முதல் மார்ச் வரை 10 மாதம், மாதம் 20 நாள், மொத்தம் 200 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

ஆசிரியர் 2 பேர் × 6,000 × 10 மாதம் = 1,20,000
சுண்டல், கடலை: 40 பேர் × 8 ரூபாய் × 200 நாள் = 64,000
ஒருங்கிணைப்பாளர், பகுதி நேரம்: 5,000 × 10 = 50,000
வாடகை, மின்சாரம்: 2,500 × 10 = 25,000
நோட்டு, பேனா, கதைப் புத்தகம்: 40 × 500 = 20,000
கணக்கு எழுத, ஆடிட் = 15,000
பயணம், போன்: 1,000 × 10 = 10,000
ஆசிரியர் பயிற்சி, 2 முறை × 3,000 = 6,000
மொத்தம் 3,10,000 ரூபாய்

ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 7,750. ஒரு நாளைக்கு 39 ரூபாய்க்கும் குறைவு. இந்தக் கடைசி எண்ணை மறக்காமல் எழுதுங்கள், கூட்டத்தில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வது அதுதான்.

ஒவ்வொரு வரியிலும் பெருக்கல் தெரிகிறது, கவனியுங்கள். "சிற்றுண்டி 64,000" என்று மட்டும் எழுதினால் யாராவது 50,000 ஆக்கிவிடுவார்கள். 8 ரூபாய் என்று தெரிந்தால், 6 ரூபாய்க்கு என்ன சுண்டல் தருவீர்கள் என்று அவர்களே யோசிப்பார்கள். ஊராட்சி இடம் இலவசமாகக் கிடைத்தால் அந்த 25,000-ஐ அழித்துவிடாதீர்கள். "ஊரின் பங்கு" என்று தனிப் பத்தியில் காட்டுங்கள், ஊரும் கை கொடுக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி.

ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தையும் ஆடிட் செலவையும் எடுத்துவிட்டு அனுப்பும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. தொண்டு என்றால் சம்பளம் கேட்கக் கூடாது என்ற எண்ணம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சிஎஸ்ஆரில் நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் என்று யாராவது சொன்னால், அந்த வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். திட்டத்தை நடத்தும் அமைப்பின் செலவுக்கு அந்த விதி பொருந்தாது. கம்பெனி தனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கலாம், அது பேசித் தீர்க்க வேண்டியது. மாலை 6 மணிக்கு வந்து இரவு 8 வரை நின்று, பெண் குழந்தைகளை வீடுவரை கொண்டுபோய் விட்டுவரும் ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஐந்தாம் படி: பார்க்க வரும்போது

குறிப்பு பிடித்திருந்தால் நேரில் வருவார்கள். பேனர், மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். வழக்கமான நாள் எப்படியோ அப்படியே இருக்கட்டும். வருகைப் பதிவேடு, வவுச்சர் பைல், ஸ்டாக் நோட்டு மூன்றும் மேசையில் இருந்தால் போதும். ஒரு முறை வந்த அதிகாரி வேறு எதையும் கேட்கவில்லை, வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைத் தொட்டு, "இந்தப் பையன் இந்த மாதம் 9 நாள்தான் வந்திருக்கிறான், ஏன்?" என்றார். ஆசிரியை உடனே, "அவன் பாட்டிக்கு ஆபரேஷன், தஞ்சாவூரில் துணைக்கு இருந்தான்" என்றார். அதோடு அதிகாரி பதிவேட்டை மூடிவிட்டார். நிதி கிடைத்தது.

இடையில் ஒரு எச்சரிக்கை

தேடத் தொடங்கியதும் போன் வரும். "50 லட்சம் சிஎஸ்ஆர் வாங்கித் தருகிறேன், 10 சதவீதம் முன்பணம்" என்பார்கள். அல்லது, பணம் கணக்கில் வரும், பாதியை ரொக்கமாகத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பார்கள். முதலாவது ஏமாற்று. இரண்டாவது குற்றம், மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்ட டிரஸ்டிதான். 12ஏ, 80ஜி ரத்தாகும், வழக்கும் வரலாம். இருபது வருட நல்ல பெயரை இப்படி இழந்தவர்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. புரொபோசல் எழுதித் தரக் கூலி கேட்பது நியாயமான தொழில், அதற்குக் கொடுக்கலாம். வரும் பணத்தில் பங்கு கேட்பவரை வீட்டு வாசலுக்கே விடாதீர்கள்.

ஆறாம் படி: ஒப்பந்தமும் தவணையும்

எம்ஓயூவில், அதாவது நிதியாளரோடு போடும் ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் படியுங்கள், தவணைப் பகுதியை இரண்டு முறை. நம் மையத்தில் மாதச் செலவு 31,000. முதல் தவணை 40 சதவீதம் என்றால் 1,24,000, சரியாக 4 மாதத்துக்குக் காணும். இரண்டாம் தவணை அறிக்கை கொடுத்த பிறகுதான். அறிக்கை போய், அவர்கள் பார்த்து, பணம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எனவே மூன்றாம் மாத முடிவிலேயே அறிக்கை போக வேண்டும். கடைசித் தவணை பெரும்பாலும் வேலை முடிந்த பிறகே வரும். அதுவரை சம்பளத்துக்கு எங்கே போவது? கையெழுத்துக்கு முன்பே, "முதல் தவணையை 50 சதவீதமாக்கி, கடைசியை 10 சதவீதமாகக் குறைக்க முடியுமா" என்று கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள். ஒரு செலவுத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு 10 சதவீதம்வரை அனுமதி கேட்காமல் மாற்றிக்கொள்ளலாம் என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள். கடலை விலை ஏறும்போது அது கை கொடுக்கும்.

ஏழாம் படி: கணக்கும் அறிக்கையும்

பணம் வந்த அன்றே தனி லெட்ஜர். எந்தச் செலவு எந்த நிதியிலிருந்து என்று வவுச்சரின் மேலே எழுதிவிடுங்கள், மார்ச்சில் நினைவுபடுத்திக்கொள்ள முடியாது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது செலவாகவே ஏற்கப்படாது. சம்பளம், வாடகை எல்லாம் வங்கி வழியாகப் போகட்டும். 5,000-க்கு மேல் ரொக்க ரசீது என்றால் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. 80ஜி நன்கொடையில் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் தந்தவருக்கு வரிச்சலுகை இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து வரும் சான்றிதழைத்தான் அவர்களுக்குத் தர வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம்.

மத்திய அரசு மானியம் என்றால் ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், நம் வழக்கில் யூசி. அதில் ஒரு நுணுக்கம்: அந்தப் பணம் வங்கியில் கிடந்தபோது வந்த வட்டி உங்களுடையது இல்லை, அரசுக்குத் திரும்ப வேண்டும். அதனால்தான் தனி வங்கிக் கணக்கு வைப்பது வசதி.

அறிக்கையில் நடக்காததையும் எழுதுங்கள். 40 குழந்தைகள் என்றீர்கள், 34 பேர்தான் தொடர்ந்து வந்தார்கள் என்றால் 34 என்றே போடுங்கள். அறுவடை மாதத்தில் 6 பேர் பெற்றோரோடு வெளியூர் போனார்கள், அடுத்த ஆண்டு அதற்கு என்ன யோசித்திருக்கிறோம் என்று இரண்டு வரி சேருங்கள். எல்லாம் நூறு சதவீதம் என்று வரும் அறிக்கையைக் களம் தெரிந்தவர் எவரும் நம்புவதில்லை. புகைப்படம் நான்கு போதும். குழந்தைகளின் படத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வாங்குங்கள். உதவி வாங்கும் கையை நீட்டச் சொல்லி எடுக்கும் படங்கள் வேண்டவே வேண்டாம், யார் கேட்டாலும்.

மறுப்பு வந்தால், இரண்டாம் ஆண்டு வந்தால்

பத்து இடத்துக்கு எழுதினால் எட்டு இடத்திலிருந்து பதிலே வராமல் இருக்கலாம். எங்கள் முதல் விண்ணப்பத்தை ஒரு கம்பெனி ஒரே வரியில் மறுத்தது. இரண்டு வாரம் கழித்து போன் செய்து, "அடுத்த முறை திருத்திக்கொள்ள, எங்கே குறை என்று சொல்வீர்களா" என்று கேட்டேன். வேலையில் குறை இல்லை, எங்கள் இடம் அவர்கள் தேர்ந்தெடுத்த ஒன்றியத்துக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான். அதே குறிப்பை எங்கள் ஒன்றியத்துக்குள் இருந்த இன்னொரு கம்பெனிக்கு அனுப்பினோம். மறுப்புக் கடிதத்தைத் தூக்கிப் போடாமல், யார், எப்போது, ஏன் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கிடைத்த நிதியைத் தொடர வேண்டுமானால் ஆண்டு முடியும்வரை காத்திருக்காதீர்கள். டிசம்பரிலேயே அரையாண்டு முடிவுகளோடு ஒரு கடிதம், ஜனவரியில் நேரில் ஒரு சந்திப்பு, பிப்ரவரியில் அடுத்த ஆண்டு பட்ஜெட். ஒரே நிதியாளரிடம் பாதிக்கு மேல் நம்பியிருந்தால் அதே மாதங்களில் இரண்டாவது ஆளையும் தேடத் தொடங்குங்கள்.

தொடக்கத்தில் சொன்ன அக்காவுக்கு பான், வங்கிக் கணக்கு, தற்காலிகப் பதிவுகள், தர்பண் எல்லாம் முடிய ஏழு மாதம் ஆனது. மூன்று ஆண்டு அனுபவத்துக்கு என்ன காட்டுவது என்று யோசித்தபோது அந்த லாங் சைஸ் நோட்டுகள்தான் உதவின. அவற்றிலிருந்து மூன்று வருட வருகையை எடுத்து ஆண்டறிக்கையாக எழுதினோம், பழைய ரசீதுகளை வைத்து ஆடிட்டர் கணக்கு தயாரித்தார். முதலில் கிடைத்தது 1,80,000 ரூபாய். ஒரு பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள் வருகிறார். அந்தப் பீரோவில் இப்போது மேல் தட்டில் வவுச்சர் பைல்கள், கீழ்த் தட்டில் நோட்டுகள். காய்ச்சல் யாருக்கு, யார் தானாகச் சாப்பிட்டது என்று அக்கா இன்னும் தன் கையாலேயே எழுதுகிறார்.